சொல்லருவியின் மேல்வரிசைப் பற்கள்

பேசாதீங்க சார். பஞ்சை நல்லா அழுத்திக் கடிச்சுக்கங்க. பல்லைப் பிடுங்கின கையோட பேசுனா ரத்தம் நிக்காது, டாக்டர் சத்தம் போடுவாரு. உங்களுக்கும் சேத்து நானே பேசிக்கிறேன். எனக்கு அது ஒண்ணும் புதுசில்ல.

என்னையத் தெரியுதா? நல்லா உத்துப் பாருங்க. தெரியலையா? மேலூர்ப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைனு எதுக்காச்சும் வந்திருக்கீங்களா? அங்க மேடையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் பேசிக்கிட்டே இருந்திருப்பாரே, நீங்க சாப்பிடப் போய்ட்டுத் திரும்பி வந்தாலும் பேசிக்கிட்டே இருந்திருப்பாரே, அவருதான். சொல்லருவி சோணைமுத்து. பட்டம் யாரு குடுத்ததுன்னு கேக்காதீங்க. நானே நோட்டீஸ்ல போட்டுக்கிட்டதுதான். குத்தாலத்துல போயி யாராச்சும் 'நீ அருவி'னு சொன்ன பெறகா தண்ணி விழுகுது?

இப்ப 'சொல்லருவி'னு சொல்லும்போது லேசா ஒரு விசில் கேட்டுச்சு பாருங்க. அது நான் அடிச்சதில்ல. இந்தக் கழட்டி மாட்டுற பல்லு அடிக்குது. பேர்லயும் ச, பட்டத்துலயும் ச. நான் என்னைய அறிமுகப்படுத்திக்கிட்டா கண்டக்டர் விசில் அடிச்சுட்டாருனு பஸ்ஸே நிக்குது.

இது எப்படி வந்துச்சுன்னு கேக்கணும்போல இருக்கும் உங்களுக்கு. கண்ணைப் பாத்தாலே தெரியுது. சொல்றேன்.

போன ஆவணியில ஒரு கல்யாணம். பொண்ணுக்குத் தாய்மாமன் காசிலிங்கம்னு ஒருத்தரு. தங்கமான மனுசன், ஆனா ரசனை கிடையாது. நான் மாப்பிள்ளை வீட்டுப் பெருமையைச் சொல்லிக்கிட்டு வர்றேன். பாட்டனார்ல ஆரம்பிச்சு, அவரு வெட்டின கெணறு, அந்தக் கெணத்துத் தண்ணியோட ருசி, அப்படியே பொறுமையா அப்பா வரைக்கும் வந்துட்டேன். மாப்பிள்ளை இன்னும் பொறக்கல. அதுக்குள்ள இந்த ஆளு மேடையேறி, "முகூர்த்தம் போகுதுய்யா, மைக்கைக் குடு"ங்கிறாரு. "இந்தா பொறந்துருவாரு, ஒரு நிமிசம்"னேன். மைக்கைப் பிடிச்சு இழுத்தாரு. நான் விடல. இத்தனை வருசம் பிடிச்ச கை, விடுனா விடுமா? கடைசியில அவருதான் விட்டாரு. அதுதான் தப்பாப் போச்சு. என் கையில இருந்த மைக்கு என் வாயிலயே வந்து இடிச்சுச்சு.

ஸ்பீக்கர்ல டமார்னு ஒரு சத்தம். கெட்டிமேளத்துக்குத்தான் சைகை குடுத்துட்டாங்கன்னு நெனைச்சு நாயனக்காரரு வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. மாப்பிள்ளை தாலியைக் கட்டிட்டாரு. என் பல்லு போன நேரந்தான் சார் அந்தப் பொண்ணுக்கு நல்ல நேரம். எல்லாரும் அட்சதை போடுறாங்க, நான் அதுக்கு நடுவுல பல்லைத் தேடுறேன். மேல்வரிசையில முன்னாடி நாலு. ரெண்டு அங்கயே போச்சு, அரிசியோட அரிசியாக் கூட்டி அள்ளிட்டாங்க. ஆடிக்கிட்டிருந்த ரெண்டை இதே டாக்டர்தான் எடுத்தாரு.

மறுநாள் கண்ணாடி முன்னாடி நின்னு 'வணக்கம்'னேன். 'உஅணக்கம்'னு வந்துச்சு. சரி, 'தமிழ்'னு சொல்லுவோம்னு சொன்னேன். நாக்கு முன்னாடி போச்சு, முட்டுறதுக்கு அங்க சுவரு இல்ல, வெளியவே வந்துருச்சு. 'ஹமிழ்'. பாம்பு வந்துருச்சோன்னு என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா.

டாக்டர்ட்ட ஓடியாந்தேன். அவரு என்னமோ எனக்கு அரிச்சுவடி சொல்லிக் குடுக்குற மாதிரி சொல்றாரு. "ஐயா, பயப்படாதீங்க. த-வும் ந-வும் சொல்லணும்னா நாக்கு நுனி மேல்பல்லுல போயி முட்டணும். வ சொல்லணும்னா கீழ் உதட்டுல மேல்பல்லு உக்காரணும். ச சொல்லும்போது காத்து பல்லுல உரசிக்கிட்டு வரணும். உங்களுக்கு அந்தப் பல்லு இல்ல, அதனால அதெல்லாம் ஒழுகுது. ப உதட்டுல பொறக்குறது, க தொண்டைக்குப் பக்கத்துல, ட மேலண்ணத்துல. அதுக்கெல்லாம் சேதாரம் இல்ல. அ, ஆ, இ, ஈ-க்கு எதுவும் எதையும் தொடவே வேணாம். வாயைத் தொறந்தாப் போதும்."

அதாவது சார், உயிர் தப்பிச்சுருச்சு. மெய்தான் அடிபட்டுப் போச்சு.

யோசிச்சுப் பாருங்க. வணக்கம் போச்சு. தமிழ் போச்சு. சபையோர், சான்றோர், நண்பர், தாய்மார், வாழ்த்து, வற்றாத வைகை, எல்லாம் போச்சு. வைகையில தண்ணி இருக்கா இல்லையாங்கிறது வேற விசயம், நான் சொல்லும்போது வத்தாம ஓடிக்கிட்டிருந்துச்சு. மிச்சம் என்ன இருக்கு? கூழ். சொல்ல முடிஞ்சதும் கூழ், குடிக்க முடிஞ்சதும் கூழ்.

தாடையில லேசா ஒரு விரிசலும் இருந்துச்சு. அது கூடினாத்தான் நிரந்தரப் பல்லு வைக்க முடியும், மாசக் கணக்குல ஆகும்னுட்டாரு டாக்டர். இந்தக் கழட்டி மாட்டுற பல்லுகூட ஈறு ஆறின பெறகுதான். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்கன்னாரு. என்கிட்ட. நானே சிரிச்சுட்டேன்.

இந்த நேரம் பாத்துத்தான் என் மக கல்யாணப் பேச்சு வந்துச்சு. அதுதான் சார் நான் சொல்ல வந்ததே.

ஒரே மக. எழில்மதி. பேரைக் கேட்டீங்களா? ழ இருக்கணும்னு தேடித் தேடி வெச்ச பேரு. ழ-ங்கிறது நம்ம மொழிக்குனு உள்ள சொத்து சார். அதை ஒழுங்காச் சொல்றவன் நூத்துல ஒருத்தன் தேறமாட்டான். மேடையில நான் நிக்கிறேன்னா அந்த ழ-வுக்காகத்தான் நிக்கிறேன். இப்ப எல்லாப் பயலும் வந்துட்டான். கலகலப்புக் கண்ணையானு ஒருத்தன் இருக்கான் எங்க ஊர்ல. 'மணமக்கள் வால்க'ங்கிறான். வாலாம்! ஜனம் கைதட்டுது.

எழில்மதி இதே மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற வேலையில இருக்கா. அங்கயே எக்ஸ்ரே எடுக்குற பையன் கிருபாகரன். செங்கல்பட்டுப் பக்கம். பிடிச்சிருக்குன்னா. என்னா ஏதுன்னு கேக்கல நான். சாதி கேட்டேனா, சம்பளம் கேட்டேனா? வரச் சொல்லு, பேசிப் பாப்போம்னேன். பல்லு போறதுக்கு முன்னாடி நடந்தது இது. வந்தான். நல்லாத்தான் இருந்தான். காப்பி குடிச்சான். நான் பேசப் பேச அவனும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். கடைசியில வாயைத் தொறந்து, "எலில்மதி உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காங்க சார்"னான்.

எலி!

என் மகளை எலியாக்கிட்டான் சார், என் வீட்டுலயே உக்காந்து, என் காப்பியைக் குடிச்சுக்கிட்டே. ஊர்ல உள்ள எலும்பையெல்லாம் படம் பிடிக்கத் தெரியுது, இருக்குற ஒரு நாக்கை வளைக்கத் தெரியல. எந்திரிச்சுட்டேன். "பொண்ணு பேரையே சொல்லத் தெரியாதவன், பொண்ணை எப்படி வெச்சுப் பொழைப்பே"ன்னு கேட்டு அனுப்பிட்டேன். எழில்மதி உள்ள போயிட்டா. என்கிட்ட அவ எப்பவுமே அதிகம் பேசமாட்டா. அடக்கமான பொண்ணு.

இப்பப் பல்லு போச்சா? போன பத்தாம் நாளு அவன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். யாரு வரச் சொன்னதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. பஞ்சவர்ணம் முன்கூட்டியே கேசரி கிண்டி வெச்சிருந்தா. ஏதோ தோணியிருக்கு அவளுக்கு.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். என் வீட்டுக்காரிக்குக் காது கொஞ்சம் மந்தம். ரொம்ப நாளா எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்ததுனால கவனிக்கல. பல்லு போன பெறகுதான் வெளிச்சமாச்சு.

கிருபாகரனோட அப்பா மரியாதையாக் கேட்டாரு. "போன தடவை பையன் ஏதோ தப்பாப் பேசிட்டான் போலிருக்கு. மனசுல வெச்சுக்காம, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

நான் நிமிந்து உக்காந்து, 'முடியாது'ன்னேன். மு வந்துச்சு, டி வந்துச்சு, யா வந்துச்சு. து-வுக்குப் பல்லு வேணும் பாருங்க, காத்தாப் போச்சு. 'முடியா…ஹு.'

"என்னங்கம்மா சொல்றாரு?"ன்னாரு அவரு.

பஞ்சவர்ணம் முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, "முடிச்சுருவோம்ங்கிறாரு"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கையை ஆட்டிக்கிட்டு 'நடக்காது! நடக்காது!'ன்னேன். ந-வும் பல்லு, து-வும் பல்லு. என்ன வந்திருக்கும்? 'அடக்கா… அடக்கா…'

"அடக்கமான பையன்ங்கிறாரு. அன்னைக்கே சொன்னாரு."

அந்தப் பையன் உடனே எந்திரிச்சு என் கால்ல விழுந்துட்டான். கால்ல விழுந்தவன் தலைக்கு மேல நின்னுக்கிட்டு 'விடமாட்டேன்'னு கத்துறேன் நான். வி போயிருச்சு. 'இடமாட்டேன்.'

"இடம் பாத்தாச்சானு கேக்குறாரு. மண்டபம். எங்க ஊர்லயே வெச்சுக்கலாங்க, அவருக்குத் தெரிஞ்ச மண்டபம் நெறைய இருக்கு."

சுத்தமாக் காது கேக்கல சார் அவளுக்கு. பாவம்.

எழுதிக் காட்ட வேண்டியதுதானேன்னு நெனைப்பீங்க. நெனைக்காம இருப்பேனா? 'பேனா'ன்னேன். அதுல பல்லெழுத்தே இல்ல. பே உதட்டுல பொறக்குது, னா பல்லுக்கு மேல ஈறுல பொறக்குது. சுத்தமா வந்துச்சு, என் காதால கேட்டேன். பஞ்சவர்ணம் 'பானையா?'ன்னு கேட்டு ஒரு செம்புத் தண்ணி மொண்டாந்து குடுத்து, "ரொம்பப் பேசிட்டாருல்ல, தொண்டை காஞ்சுருச்சு"ன்னா. எழில்மதி கதவுக்குப் பின்னால நின்னு முந்தியை வாயில பொத்திக்கிட்டு இருந்தா. அழுகுதுன்னு நெனைச்சேன். தோளு குலுங்குச்சு.

தை மாசம்னு நாள் குறிச்சுட்டாங்க. அவ குடுத்த தண்ணியை நான் குடிச்சேன்.

அதுக்குப் பெறகு எங்க வீட்டைப் பாத்திருக்கணும் நீங்க. ஒரே கூச்சல். பஞ்சவர்ணம் இத்தனை காலமா எங்க வெச்சிருந்தாளோ தெரியல, பேசுறா, பேசுறா, அப்படிப் பேசுறா. பக்கத்து வீட்டுக் கதை, அவ சின்னப் பிள்ளையில கண்மாயில விழுந்த கதை. தாயும் மகளும் சோத்துத் தட்டை வெச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல. பெரிய மனுசன் ஒருத்தன் பேசாம இருந்தா வீடு எப்படிச் சீரழியுதுன்னு நேர்லயே பாத்தேன்.

விட்டுருவேனா? மக கல்யாணத்துல மைக்குப் பிடிச்சே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன். கார்த்திகையில ஈறு ஆறி, இந்தக் கழட்டி மாட்டுற பல்லைக் குடுத்தாரு டாக்டர். மேலண்ணம் பூராம் ஒரு தட்டு, அதுல நாலு பல்லு. மாட்டிக்கிட்டுப் பேசினா இப்ப வேற வம்பு. த வருது, ல-வும் ன-வும் ற-வும் தட்டுல முட்டிக்கிட்டு நிக்குது. நாக்குக்கு வழி தெரியல. "பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தவங்க இருக்காங்க, மாடியில, போங்க"ன்னு அனுப்பினாரு.

சொல்லருவிக்குப் பேச்சுப் பயிற்சி. கேட்டுக்கங்க.

மாடியில ஷர்மிளா பானுனு ஒரு பொண்ணு. என் மகளைவிடச் சின்ன வயசு. எழில்மதிதான் லீவு போட்டு என்னையக் கூட்டிட்டுப் போனா. அந்தப் பொண்ணு சிரிச்ச முகமா, "ஐயா, தொண்டையில கை வெச்சுக்கிட்டு 'பட்டு'னு சொல்லுங்க"ன்னுச்சு. சொன்னேன். "இப்ப 'அம்பு'னு சொல்லுங்க." சொன்னேன். "ரெண்டாவதுல பு சொல்லும்போது தொண்டை அதிருதா? ரெண்டுக்கும் ப-ங்கிற ஒரே எழுத்தைத்தான் எழுதுறோம். முதல்ல உள்ளதுல அதிர்வு இல்ல, பின்னாடி உள்ளதுல அதிர்வு இருக்கு." அதிரத்தான் செஞ்சுச்சு. காலமெல்லாம் தொண்டைக்குள்ள மோட்டார் ஓடியிருக்கு, எனக்கே தெரியல. அதுக்காக அசந்துருவேனா? "இதெல்லாம் மேடைக்கு உதவாதும்மா"ன்னேன்.

"உங்க நாக்கு எங்க போகுதுன்னு பாத்துருவோம்யா"ன்னு சொல்லி, கரித்தூளை எண்ணெயில குழைச்சு என் நாக்குல தடவுச்சு. வயித்துக்குக் குடுக்குற கரிதானாம், பயப்பட ஒண்ணுமில்லையாம். நாக்கைக் கறுப்பாக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும். சொன்னதும் தட்டைக் கழட்டிப் பாக்கும். நாக்கு எங்க தொட்டுச்சோ அங்க கரி அப்பியிருக்கும். 'அத்தை'ன்னேன், பல்லுக்குப் பின்னாடி கரி. 'அட்டை'ன்னேன், கரி உள்ளாற தள்ளிப் போயி மேட்டுல. 'பல்லி'க்கு ஒரு எடம், 'பள்ளி'க்கு ஒரு எடம். எனக்குச் சுவாரசியமாத்தான் இருந்துச்சு. திருட்டுப் பூனை பால் குடிச்சுட்டு நடந்த தடம் மாதிரி.

"என் ழ-வைப் பாரும்மா"ன்னேன். நானாக் கேட்டதுதான். யாரும் கேக்கல. தட்டைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, நெஞ்சை நிமித்தி, 'மழை'ன்னேன்.

தட்டைக் கழட்டிப் பாத்த அந்தப் பொண்ணு முகத்துல சிரிப்பு நின்னுபோச்சு. "ஐயா, ழ சொல்லும்போது நாக்கு மேல வளையும். ஆனா நடுவுல எங்கயும் தொடாது. தொடாமயே நிக்கும். தொட்டா அது ள." தட்டை என்கிட்ட நீட்டுச்சு. நட்ட நடுவுல, பொட்டு வெச்ச மாதிரி கரி.

"தட்டு புதுசு, அதான்"னேன்.

எழில்மதி போனை எடுத்து, போன வருசம் நான் பேசின ஒரு கல்யாண வீடியோவைப் போட்டா. என் சொந்தப் பல்லு நாலும் இருந்த காலம். 'மணமக்கள் வாள்க! வாள்க!'ன்னு ஒருத்தன் கத்துறான். யாரோ என் சட்டையைப் போட்டுக்கிட்டு.

"எல்லா மைக்கும் கொஞ்சம் மாத்தித்தான் காட்டும்"னேன்.

அப்பத்தான் அவ சொன்னா. மெதுவாச் சொன்னா. "அப்பா, எனக்கு எழில்மதினு நீங்கதான் பேரு வெச்சீங்க. ஆனா ஒருநாளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லப்பா. எளில்மதினுதான் கூப்பிடுவீங்க. ஒண்ணாப்புல முதல்நாள் டீச்சர் எழில்மதினு கூப்பிட்டாங்க. வேற யாரோனு நெனைச்சு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன்."

நாக்குல கரி இருந்துச்சா, அதனால எனக்குப் பேச முடியல.

மட்டமான கரி சார் அது. அடிச்சுச் சொல்றேன். கொட்டாங்குச்சிக் கரியா இருந்தா சரியாக் காட்டியிருக்கும்.

இருந்தாலும் அந்தக் கரியைப் பொய்யாக்கிக் காட்டணும்ல? அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி விடியக்காலம் எந்திரிச்சு, கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுல உக்காந்துக்கிட்டுப் பழகுனேன். நாக்கை மடிச்சு மேல கொண்டு போகணும். தொடப் போகணும். தொடக்கூடாது. தொட்டுருவோமோங்கிற எடத்துல நிறுத்தி, சத்தத்தை மட்டும் விடணும். மேல போன நாக்கு தொடாம நிக்கணும்னா, அது நாக்கா, மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையா? வாழை, மழை, கிழவி, தாழ்ப்பாள்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். பக்கத்து வீட்டுக்காரரு, இவருக்குப் பல்லோட சேந்து வேற என்னமோ போயிருச்சுன்னு பஞ்சவர்ணத்துக்கிட்ட துக்கம் விசாரிச்சாரு.

கல்யாணத்தன்னைக்குக் காலையில என் பல்லைக் காணோம். ராத்திரி டம்ளர் தண்ணியில போட்டு வைப்பேன். ஈறுக்கு ஓய்வு வேணும்னு பஞ்சவர்ணம்தான் அதை வாங்கிப் பத்திரமா வைப்பா. அவ பத்திரமா வெச்சா அவளுக்கே கிடைக்காது. "கூட்டத்துல எங்க வெச்சேன்னு தெரியலைங்க"ன்னா, கையைப் பிசைஞ்சுக்கிட்டு. கல்யாண வேலை, அவளும் என்ன செய்வா?

மேடையில யாரு மைக்குப் பிடிச்சாங்கிறீங்க? கலகலப்புக் கண்ணையா. என் மக கல்யாணத்துல, என் கண்ணு முன்னாடி, 'வால்க வால்க'ங்கிறான். அதுவும் சுருக்கமாப் பேசுறான், பாவம், சரக்கு இல்ல. தாலி கட்டி முடிஞ்சதும் அவனே, "பொண்ணோட அப்பா, நம்ம சொல்லருவி, ரெண்டு வார்த்தை"னு மைக்கை நீட்டிட்டான்.

மண்டபமே கப்சிப்னு ஆயிருச்சு சார். அம்புட்டு எதிர்பார்ப்பு. பந்திக்கு எந்திரிச்சவங்ககூட அப்படியே நின்னுட்டாங்க. கலெக்டர் வந்தாக்கூட அப்படி ஒரு அமைதி வராது.

மைக்கைப் பிடிச்சேன். என்ன சொல்றது? வணக்கம் வராது. வாழ்த்து வராது. மதி-யில தி வராது. மனசுக்குள்ள ஒவ்வொரு வார்த்தையா எடுத்துப் பாக்குறேன், எல்லாத்துலயும் ஒரு பல்லு நிக்குது. எழில்மதி மாலையோட தலை குனிஞ்சு நின்னா. நான் ஏதோ ஆரம்பிக்கப் போறேன்னு பயந்து கண்ணை மூடிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

'எழில்'னேன்.

எ-வுக்கு எதுவும் தொட வேணாம். ழி-யைத் தொடாம நிறுத்துனேன். ல் ஈறுல முட்டிச்சு. பல்லே இல்லாத வார்த்தை.

அவ வெடுக்குனு நிமிந்தா. என்னையப் பாத்தா, ஏதோ புதுசா ஒரு ஆளு கூப்பிட்ட மாதிரி. கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. ஓமப் புகை. சுத்தி நிக்கிறவங்களுக்கு அது எப்பவும் ஆகாது. எனக்கும் லேசாப் பட்டுச்சு.

மேல என்ன சொல்றதுன்னு தெரியாம மைக்கைக் கண்ணையா கையிலயே குடுத்துட்டேன். சனம் கைதட்டுச்சு பாருங்க! அப்படி ஒரு கைதட்டல். அன்னைக்கு மைக்கைப் பிடிச்சு இழுத்த காசிலிங்கமும் வந்திருந்தாரு, அவரு எந்திரிச்சு நின்னு தட்டுறாரு. என் வாழ்நாள்ல அப்படி வாங்குனதில்ல. ஒரு வார்த்தைக்கே இம்புட்டுன்னா, முழுசாப் பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

பல்லா? மறுநாளே கிடைச்சுருச்சு. உளுந்து டப்பாவுக்குள்ள இருந்துச்சு.

இன்னைக்கு எதுக்கு வந்தேன்னா, நிரந்தரப் பல்லு வைக்கிற நாளு. தாடை கூடி எவ்வளவோ நாளாச்சு. ஆனா பாருங்க, ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போகுது. போன தடவை அமாவாசைக்கு முந்தின நாளுன்னு தள்ளுனாங்க, அதுக்கு முந்தி… இருங்க, அந்த வரவேற்புப் பொண்ணு என்னையத்தான் கூப்பிடுது.

என்னம்மா? யாரு போன் பண்ணினது? நேத்தேவா? வீட்டுல இருந்தா? 'அவசரமில்ல, நல்லா ஆறட்டும்'னாங்களா? சரிம்மா. இல்லம்மா, கோவமில்ல. அடுத்த மாசம் எழுதிக்க.

பாத்தீங்களா சார்? என் வீட்டுக்காரிக்கு என் மேல உள்ள அக்கறையை? எனக்கே தெரியாம போன் பண்ணித் தள்ளி வெச்சிருக்கா. போன்ல மட்டும் எப்படித்தான் காது கேக்குதோ. அடுத்த தடவை வரும்போது அவ காதையும் ஒரு டாக்டர்ட்ட காட்டிரணும்.

நானும் இப்ப ஒண்ணும் பெருசா அவசரப்படல. வீட்டுல இந்தப் பல்லை நானே கழட்டி வெச்சுருறது. எழில்மதி கல்யாணத்துக்குப் பெறகு தினம் என் போனுக்குத்தான் அடிக்கிறா. முன்னெல்லாம் எடுத்த எடுப்புல 'அம்மாட்ட குடுங்கப்பா'தான். இப்ப என்கிட்டயே பேசுறா சார். மாமியா ஊர்ல இருந்து வந்து வெச்ச கொழம்பு, கிருபாகரன் தண்ணி மோட்டாரை ரிப்பேர் பண்றேன்னு கெடுத்து வெச்சது, ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை மருந்தைத் துப்பினது, அவளுக்கு இந்த ஊரு வேலையை விடலாமா வேணாமான்னு ஒரு யோசனை. அவ்வளவும் சொல்றா. நான் என்ன சொல்றேங்கிறீங்க? ஒண்ணுமில்ல. ரெண்டு உதட்டையும் மூடிக்கிட்டு, மூக்கு வழியா ஒரு சத்தம். அம்புட்டுத்தான். போன வாரம் ஒருநா பல்லோட பேசுனேன். சின்னதா ஒரே ஒரு அறிவுரை, பாட்டனார் காலத்துல இருந்துகூட ஆரம்பிக்கல. 'சரிப்பா, அம்மாட்ட குடுங்க'ன்னுட்டா.

இந்தா, அவதான். இன்னைக்குச் சீக்கிரமே கூப்பிடுறா. சார், இந்தக் கைக்குட்டையைக் கொஞ்சம் விரிச்சுப் பிடிங்க. பல்லைக் கழட்டிக்கிறேன்.

ம்.

ம்…

ம்.